வெல்லஸ்லி என்ற பெயர் வந்த வழி

நம் பெரியவர்கள் இன்றும் பேச்சுவாக்கில் இந்தப் பகுதியை ‘புரோவின்ஸ் வெல்லஸ்லி’ என்பதுண்டு. நமது புக்கிட் மெர்தாஜாமும் அதற்குள் அடங்கியதே. அந்த வெல்லஸ்லி யார் என்று தேடிப் போனால், நம் முன்னோர் கப்பலேறிய சோழமண்டலக் கரைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

1749இல் ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தா சாகிப் நவாப் ஆனார். அன்வருத்தீனின் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் புகுந்துகொண்டு ஆங்கிலேயரை நம்பினார். இருவரும் முஸ்லிம்கள்; சண்டை பதவிக்காக, ஆதாயம் இரண்டு கம்பெனிகளுக்கு. 1752இல் சந்தா சாகிப் கொல்லப்பட, முகம்மது அலி வென்றார் என்பார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பெனிப் படைக்குச் செலவு, செலவுக்குக் கடன், கடனுக்கு வட்டி, அதற்கு ஈடாக ஊர்களின் வரி என்று 1795இல் கண் மூடும்வரை அவரால் மீள முடியவில்லை.

கரையோர மக்கள் பாடு வேறு. காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில். சில மைல் தெற்கே நாகூர், அதையடுத்து நாகப்பட்டினம். டச்சுக்காரரிடமிருந்த நாகப்பட்டினத்தை 1781இல் ஆங்கிலேயர் பிடித்தனர். மறு ஆண்டே அதற்கெதிரே நடுக்கடலில் இரு கப்பற்படைகளும் மோதின. பருவமழை வந்ததும் ஆங்கிலக் கப்பல்கள் பம்பாய்க்குச் சுற்றிப் போக, பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் அச்சேயில் ஒதுங்கினார். வங்கக் கடலின் கிழக்கே நமக்கும் ஒரு துறைமுகம் வேண்டும் என்ற எண்ணம் ஆங்கிலேயருக்கு இதனால் வலுத்தது.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றினார். சயாமிடமிருந்து காப்பாற்றுவார்கள் என்று நம்பியே கெடா சுல்தான் தீவுக்கு இடம் கொடுத்தார். அந்த உதவி வரவில்லை. 1791இல் தீவை மீட்கப் படை திரட்டித் தோற்றார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலரோடு காரியம் முடிந்தது. முகம்மது அலியைத் தெரிந்தவர்களுக்கு இது புதிய கதையல்ல.

1798இல் கவர்னர் ஜெனரலாக வந்தவர் ரிச்சர்டு வெல்லஸ்லி. பிரெஞ்சுக்காரரோடு சேர்கிறார் என்று சொல்லி 1799இல் திப்பு சுல்தான் மீது படையெடுத்தார். திப்பு போரிலேயே ஷஹீதானார். பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அகப்பட்ட கடிதங்களைக் காட்டி, ஆர்க்காட்டு நவாபும் திப்புவோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டி, 1801இல் கர்நாடகத்தின் ஆட்சியையே எடுத்துக்கொண்டார். எதிர்த்தவருக்கும் முடிவு இதுதான், அரை நூற்றாண்டு நட்பாயிருந்த வீட்டுக்கும் இதுதான். இடையில், 1800இல், கெடாவிடமிருந்து தீவின் எதிர்க்கரை வாங்கப்பட்டது. தொகை 10,000 டாலராயிற்று. நிலத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது.

அதற்குள் நம்மவர்கள் இங்கே வந்துவிட்டிருந்தார்கள். தீவில் சுமார் ஆயிரம் சூலியாக்கள் இருப்பதாக லைட் 1794இலேயே எழுதியிருக்கிறார். ஆர்க்காடு பறிபோன அதே 1801இல்தான் ஜார்ஜ் டவுனில் பள்ளிவாசலுக்கு நிலம் கிடைத்தது. காதர் மொய்தீன் முன்னின்று எழுப்பிய அதுவே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல்.