தென்காசி வட்டாரத்தில் குடும்பப் புலப்பெயர்வும் வருமான மாற்றமும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள தென்காசி வட்டாரம், திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது. வயலும் தறியும் போதாமல் போனபோதெல்லாம் இங்குள்ள குடும்பங்கள் வெளியூர் வருமானத்தைத் தேடின. குடும்பத்தில் யார் போனார்கள், யார் ஊரில் தங்கினார்கள் என்பதே தலைமுறைக்குத் தலைமுறை மாறியது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கைத்தறி நலிந்தபோது, கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்கள் பல சிங்கப்பூருக்குக் கப்பலேறின. அக்காலத்தில் கடல்கடந்த தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டுச் சென்ற ஆண்கள். மாறாக, கடையநல்லூரார் பெண்டு பிள்ளைகளோடு போய்த் தஞ்சோங் பகார்ப் பகுதியில் குடியிருந்தனர். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில்பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட பலர் திரும்பவில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகும் 1946இல் இச்சமூகம் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது பெரும் சாதனை. சிங்கப்பூரில் கடையநல்லூர் தெரு இன்றும் உண்டு.

1970களுக்குப் பின் வளைகுடா நாடுகள் வேலைக்கு அழைத்தன. குறைந்த சம்பள விசாவில் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாததால் ஆண்கள் மட்டும் போனார்கள். வீடு கட்டுவது, கடனை அடைப்பது, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பெண்கள் பொறுப்பாயின.

வெளிநாட்டுப் பணம் வராத வீடுகளைப் பீடி காப்பாற்றியது. ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் பகுதிகளில் பெண்கள் கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, வீட்டுத் திண்ணையில் சுற்றி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறார்கள். இதைத் துணை வருமானம் என்று எழுதுவது தவறு. மழை பொய்த்த ஆண்டுகளில் அடுப்பு எரிந்தது இந்தக் கூலியால்தான். 1976ஆம் ஆண்டு பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் மருத்துவம், வீடு, கல்வி உதவிக்கு வழி செய்தது. ஆயினும் நாள் முழுதும் குனிந்திருக்கும் முதுகுவலிக்கும் புகையிலைத் தூசிக்கும் அந்தக் கூலி ஈடாகாது.

குற்றாலத்தில் வருமானம் தென்மேற்குப் பருவமழையைப் பொறுத்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான அருவிச் சீசனில் விடுதிகளும் பழக்கடைகளும் நிறையும். அருவியில் தண்ணீர் வற்றினால் வியாபாரமும் படுத்துவிடும்.

2011இல் தென்காசி அருகேயுள்ள மத்தளம்பாறையில் சோஹோ மென்பொருள் நிறுவனம் அலுவலகம் திறந்தது. பட்டம் இல்லாத இளைஞர்களுக்கும் பயிற்சியளித்து அது வேலைக்கு எடுக்கிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் போயிருக்கக்கூடிய சிலர் இப்போது வீட்டிலிருந்தே வேலைக்குப் போய்வருகிறார்கள்.