மூணாறும் இரவிகுளமும்

நம் வண்டன்மேட்டுக்கு வடக்கே முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடமே மூணாறு. புகைவண்டி அலுவலிற் காலங்கழிக்கும் எமக்கு அவ்வூர்பால் தனிப் பற்றுண்டு. இன்று இருப்புப்பாதையே இல்லாத அம்மலையில் 1908 முதல் சிறு புகைவண்டி ஓடிற்று. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை வண்டியிலும், அங்கிருந்து அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இரும்பு வடத்தில் தொங்கியும் இறங்கிப் போடிநாயக்கனூரை அடைந்தன. கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924 ஜூலையில், பெருவெள்ளம் அப்பாதையை அடியோடு அழித்தது; பின்னர் எவரும் அதனைப் புதுப்பித்திலர்.

ஆயினும் அம்மலையின் பழஞ்செல்வம் ஒன்று அழியாது நின்றது. தோட்டத் துரைமார் தம் வேட்டைக்கென ஒதுக்கிக் காத்த இரவிகுளம் புல்வெளி 1975இல் சரணாலயமாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. 97 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அப்பூங்காவில் 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடி நிற்கிறது. பன்னீராண்டுக்கொருமுறை மலரும் நீலக்குறிஞ்சி அங்கு 2018இல் பூத்தது. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடு மிகுதியாக வாழ்வதும் எல்லைக்கு அப்பாலுள்ள இவ்விடத்திலேயே என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது.

அழிந்த இருப்புப்பாதையை மனிதன் மீண்டும் இடக்கூடும். அழிந்த வரையாட்டை மீட்பார் இலர். மலைகாணச் செல்லும் அன்பர்கள் இதனை உளங்கொள்வாராக.