முத்திராராட்சசத்தில் இரு அமைச்சர் உரைகள் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

புதுதில்லியில் அயல்நாட்டுத் தூதரகங்கள் நிறைந்த சாணக்யபுரி 1950களில் உருவாக்கப்பட்டதாகும். சாணக்கியனின் மறுபெயரைத் தாங்கிய கௌடில்ய மார்க் என்னும் சாலையும் அங்கு உண்டு. தூதும் சொல்லாடலும் நிகழும் இடத்திற்கு இப்பெயர் பொருந்துவதே. அவனது சொல்திறத்தைச் சித்திரிக்கும் வடமொழி நாடகம் விசாகதத்தரின் முத்திராராட்சசம். ஏழு அங்கங்களாலான இந்நூலின் இறுதி வாழ்த்தில் வரும் அரசன் பெயர் சுவடிதோறும் சந்திரகுப்தன், அவந்திவர்மன், தந்திவர்மன் என வேறுபடுவதால் இதன் காலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. நந்தரை வீழ்த்திய சாணக்கியன், நந்தரின் அமைச்சனாகிய இராட்சசன் ஆகிய இருவரின் உரைகள் வேறுபடும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரே கருத்து, இரு அவைகள்

மூன்றாம் அங்கத்தில் கௌமுதி விழாவைத் தடுத்த காரணத்தைச் சந்திரகுப்தன் வினவுகிறான். ஆட்சியின் வெற்றி அரசனைச் சார்ந்தது, அமைச்சனைச் சார்ந்தது, இருவரையும் சார்ந்தது என மூவகைப்படும் என்றும், அமைச்சனைச் சார்ந்த அரசன் காரணம் தேடுதல் வேண்டா என்றும் சாணக்கியன் விடையிறுக்கிறான். அரசனை இழிவுபடுத்துவது போன்ற இவ்வுரை, முன்னரே இருவரும் கூடித் திட்டமிட்ட பொய்ப்பூசலின் பகுதியாகும். இது அரசனை நோக்கிக் கூறப்பட்டாலும் பகைவரின் ஒற்றர் செவிக்கென்றே அமைந்தது.

நான்காம் அங்கத்தில் ஒற்றன் கரபகன் வாயிலாக இச்செய்தியை அறிந்த இராட்சசன், அமைச்சனைச் சார்ந்து வென்ற சந்திரகுப்தன் அவனைப் பிரிந்தால் செயலற்றுப்போவான் என மலயகேதுவிடம் வாதிடுகிறான். அரசியல் நூல் நெறிப்படி இவ்வாதம் குற்றமற்றது. ஆயின், தான் அவ்வாறு அமைச்சனைச் சார்ந்தவன் அல்லன் என மலயகேது உள்ளூர மகிழ்கிறான். பகையரசனைச் சுட்டிய சொல் சொந்த அரசனிடமிருந்தே இராட்சசனை விலக்குகிறது. சாணக்கியனின் கையாளாகிய பாகுராயணன் முன்னரே விதைத்த ஐயத்திற்கு அது உரமாகிறது. ஐந்தாம் அங்கத்தில் பொய்க்கடிதம் காட்டப்பட்டவுடன் இராட்சசன் துரத்தப்படுவதற்கு இதுவே அடித்தளம் எனலாம்.

சொல்லின் எல்லை

எனினும் சாணக்கியன் சொல்லும் தோற்றதுண்டு. முதல் அங்கத்தில் வணிகன் சந்தனதாசனிடம் இன்சொல்லாலும் அச்சுறுத்தலாலும் இராட்சசன் குடும்பத்தைக் கேட்கிறான். அவர்கள் தன் இல்லத்தில் இருந்தாலும் ஒப்படைக்கமாட்டேன் என்கிறான் வணிகன். சாணக்கியன் தன்னுள் அவனைச் சிபியோடு ஒப்பிட்டு வியக்கிறான். அச்சிபியைச் சோழர் தம் முன்னோனாகப் போற்றியமை இங்கு நினைக்கத்தக்கது. பணியாத அந்நட்பையே சாணக்கியன் பின்னர்க் கருவியாக்குகிறான். ஏழாம் அங்கத்தில் நண்பனைக் கொலைக்களத்தினின்று மீட்க அமைச்சுப் பொறுப்பை ஏற்பதன்றி இராட்சசனுக்கு வேறு வழியில்லை. இங்கு அவன் வாதத்தால் வெல்லப்படவில்லை. தன் பண்பாலேயே பிணிக்கப்படுகிறான்.

முடிவுரை

திருக்குறள் அமைச்சினை அடுத்துச் சொல்வன்மையையும் (அதி. 65), பின்னர் அவையறிதலையும் (அதி. 72) வைத்துள்ளது. இராட்சசனிடம் முன்னது குறைவின்றி இருந்தது, பின்னது இல்லை. சாணக்கியனிடம் இரண்டும் இருந்தன. ஆயினும் அவன் இறுதி வெற்றியை இணங்கச்செய்தல் என்பதா, இணங்குவதன்றி வேறு வழி இல்லாதவாறு செய்தல் என்பதா என்னும் வினாவை நாடகம் எழுப்புகிறது. சொல்வன்மையின் வெற்றியாக மட்டும் இந்நூலைக் காண்போர், எச்சொல்லுக்கும் பணியாத சந்தனதாசனை மறந்துவிடுகின்றனர் என்பது இவ்வொப்பீட்டால் புலனாகிறது.