டாப் லோட் வாஷிங் மெஷின்: அலசலும் பராமரிப்பும்

மேல்மூடியைத் திறந்து துணி போடும் சலவை இயந்திரம் டாப் லோட் வாஷிங் மெஷின் எனப்படுகிறது. இதற்குள் இரண்டு தொட்டிகள் உண்டு. கண்ணுக்குத் தெரிவது துளைகள் நிறைந்த எஃகு டிரம். அதைச் சுற்றி, வெளியே தெரியாமல், தண்ணீரைத் தாங்கி நிற்பது பிளாஸ்டிக் வெளித்தொட்டி. இந்தியாவில் விற்பவற்றில் பெரும்பாலானவை, அடியில் பல்சேட்டர் என்னும் தட்டு சுழன்று துணியைப் புரட்டும் வகை. உலர்ந்த கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடுகள், துண்டில் வழுவழுப்பு, வேட்டியில் ஒட்டிய கருஞ்செதில்கள், காய்ந்தும் போகாத முடைநாற்றம் என்று புகார்கள் வரும்போது, இயந்திரம் சரியாகத் துவைக்கவில்லை என்றே சொல்லப்படுகிறது. பெரும்பாலான சமயங்களில் துவைப்பு நன்றாகவே நடந்திருக்கிறது. கோளாறு அலசலில் இருக்கிறது. துணியை விட்டு முழுதாகப் போகாத சோப்புதான் வெளித்தொட்டியிலும் படிந்து, அடுத்த சலவைக்கு அழுக்காகத் திரும்பி வருகிறது. எனவே அலசலைத் திருத்தாமல் செய்யும் பராமரிப்பு நெடுநாள் பலன் தராது.

அலசல் என்பது துணிக்குள் இருக்கும் சோப்புத்தண்ணீரை நீர்த்துப்போகச் செய்யும் வேலை. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். துவைத்த துணி, பிழிந்த பிறகும் 5 லிட்டர் சோப்புத்தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதாகக் கொள்வோம். அதில் 60 லிட்டர் நல்ல தண்ணீரை ஒரே தடவையாக விட்டு அலசினால், சோப்பின் செறிவு 13இல் ஒரு பங்காகக் குறையும். அதே 60 லிட்டரை 30, 30 ஆகப் பிரித்து, நடுவே ஒருமுறை பிழிந்தால், 49இல் ஒரு பங்காகக் குறையும். முதலில் பிழியாமலே, துணி 15 லிட்டரைச் சுமந்துகொண்டு அலசலுக்குப் போனால், 60 லிட்டர் விட்டும் 5இல் ஒரு பங்குக்குத்தான் இறங்கும். நாருக்குள் ஒட்டியிருக்கும் சோப்பு இந்தக் கணக்குக்கு முழுதாகக் கட்டுப்படாது என்றாலும், இதிலிருந்து தெரியும் உண்மை மாறாது: எவ்வளவு தண்ணீர் விடுகிறோம் என்பதைவிட, அலசலுக்கு முன்னும் நடுவிலும் எவ்வளவு பிழிகிறோம் என்பதே முக்கியம். துணி கசங்குமே என்று ஸ்பின்னைக் குறைத்து வைப்பது பருத்தித் துணிகளைப் பொறுத்தவரை வேண்டாத சிக்கனம். டிரம்மை விளிம்பு வரை அடைத்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. துணிகள் புரள இடமில்லாதபோது நடுவில் இருப்பவற்றுக்குள் நல்ல தண்ணீர் நுழைவதே இல்லை.

அடுத்தது, உள்ளே போடும் பவுடரின் அளவு. நுரை நிறைய வந்தால்தான் அழுக்குப் போகும் என்ற நம்பிக்கை கையால் துவைத்த காலத்திலிருந்து தொடர்கிறது. அழுக்கை எடுப்பது நீரில் கரைந்த சலவைப்பொருள். நுரை அதன் உடன்விளைவு. இயந்திரத்தில் மிஞ்சும் நுரை, துணி ஒன்றோடொன்று உரசுவதைக் குறைக்கிறது. ஸ்பின்னின்போது இரு தொட்டிகளுக்கும் இடையே சிக்கி, டிரம் முழு வேகம் எடுப்பதையும் தடுக்கிறது. பிழிதல் கெட்டால் அலசலும் கெடும். கைச்சலவைப் பவுடரை மெஷினில் போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். போர் தண்ணீரில் அழுக்கு போகாதே, கூடப் போடாமல் எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சலவைப்பொருளின் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்கின்றன. அங்கே அளவு சற்றுக் கூடத்தான் வேண்டும். ஆனால், பவுடரில் உள்ள சோடா கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்பாக நாரிலும் டிரம்மிலும் படிகிறது. கூடுதல் பவுடர் ஓரளவுக்கு மேல் போனால் நோயையே வளர்க்கும். கிடைக்கும் இடத்தில் ஆற்றுநீரையோ மழைநீரையோ கடைசி அலசலுக்காவது ஒதுக்குவது இதைவிட நல்ல வழி.

லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இரண்டு முறை அலசுவது ஊதாரித்தனம் என்ற ஆட்சேபம் வலுவானது. மேலே சொன்ன கணக்கே அதற்குப் பதில்: பவுடரைக் குறைத்து, நடுவே நன்றாகப் பிழிந்தால் குறைந்த தண்ணீரிலேயே அலசல் முடியும். இரண்டாம் அலசலின் நீரை வாளியில் பிடித்தால் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஆகும். அலசல் போதுமா என்று அறிய, காய்ந்த துண்டு ஒன்றை வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் போட்டுக் கசக்கிப் பார்க்கலாம். தண்ணீர் பால்போல் கலங்கி நுரைத்தால் சோப்பு மிச்சம் இருக்கிறது. துணியில் இருக்கும் வெள்ளைத் தடம் நனைத்தவுடன் கரைந்தால் அது கரையாமல் நின்ற பவுடர். சிட்ரிக் அமிலக் கரைசலில் மட்டுமே கரைந்தால் சுண்ணாம்பு.

கருஞ்செதில்கள் பெரும்பாலும் வெளித்தொட்டியில் சோப்பும் பஞ்சும் பூஞ்சையும் சேர்ந்து கட்டிய ஏட்டிலிருந்து உரிந்தவை. துணி மென்மைக்கான திரவத்தைத் துவைப்பிலேயே ஊற்றினால், அது சலவைப்பொருளோடு சேர்ந்து பிசுபிசுப்பாகி இந்த ஏட்டைத் தடிக்கச் செய்யும். அதன் இடம் கடைசி அலசல் மட்டுமே. துண்டுகளுக்கு அதுவும் வேண்டாம், ஈரம் உறிஞ்சாமல் போகும். ஏட்டை நீக்க, துணி இல்லாமல், சூடான நீரில் ஆக்சிஜன் வகை வெளுப்பான் போட்டு ஊறவைத்து ஓட்ட வேண்டும். அதன் செயல்பொருளான சோடியம் பெர்கார்பனேட் குளிர்ந்த நீரில் மந்தமாகவே வேலை செய்யும். ஆனால் கொதிநீர் ஊற்றக் கூடாது. இயந்திரத்தின் கையேடு சொல்லும் வெப்ப அளவே எல்லை. சுண்ணாம்புப் படிவுக்குத் தனியாக வேறொரு நாளில் சிட்ரிக் அமிலம். பஞ்சு வடிகட்டியின் வலை கிழிந்திருந்தால், எடுத்த பஞ்சு மறுபடி துணிக்கே வரும். பின்புறம் தண்ணீர்க் குழாய் சேரும் இடத்தில் உள்ள சிறு சல்லடையில் மணலும் துருவும் அடையும். பிளக்கைக் கழற்றி, குழாயை மூடிவிட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போதும். அழுக்கு நீர் வெளியேறும் குழாய் மடங்கியிருந்தால் துவைத்த நீர் முழுதாக வடியாமல் அலசலில் கலக்கும். நீர்மட்டத்தை உணரும் மெல்லிய காற்றுக்குழாயில் சோப்புக்கசடு அடைந்தாலும் அளவு தவறும்; அது மெக்கானிக் பார்க்க வேண்டியது.

துவைத்த பிறகு மூடியைத் திறந்து வைத்தால் பூஞ்சை குறையும். பல்லி விழும், குழந்தை எட்டிப் பார்க்கும் என்ற அச்சம் உள்ள வீடுகளில், ஆள் இருக்கும்போது ஒரு மணி நேரம் திறந்து வைத்து மூடிவிடலாம். கடைசியாக ஒன்றை யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம்: குளோரின் வகை பிளீச்சோடு சிட்ரிக் அமிலத்தையோ வினிகரையோ ஒரே ஓட்டத்தில் சேர்த்துப் போடாதீர்கள். அவை கலந்தால் வெளிவரும் குளோரின் வாயு நுரையீரலைப் பாதிக்கும் நச்சு.