பாயிண்ட் 22 கைத்துப்பாக்கி: குறைந்த செலவில் குறி பழகலாம், உரிமம் இருந்தால்

நடிகர் அஜித்குமார் 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டியில் நான்கு தங்கமும் இரண்டு வெண்கலமும் வென்றார். அவர் கலந்துகொண்ட ஸ்டாண்டர்ட் பிஸ்டல், 50 மீட்டர் ஃப்ரீ பிஸ்டல் ஆகிய இரண்டுமே ‘பாயிண்ட் 22’ எனப்படும் சிறிய தோட்டாவில் சுடும் பிரிவுகள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டலும் ஆண்களுக்கான 25 மீட்டர் ரேப்பிட் ஃபயரும் இதே தோட்டாவில்தான் நடக்கின்றன. படத்தில் பார்ப்பவருக்கு விளையாட்டுச் சாமான் போலத் தோன்றும் இந்தச் சின்னக் குண்டுதான் உலகெங்கும் பலருக்கு முதல் பாடம். காரணம் எளிது. விலை குறைவு, உதைப்பும் குறைவு.

பொதுவாகத் தோட்டாவின் அடிப்பாகத்தில் நடுவே ஒரு சிறிய பொத்தான் இருக்கும். துப்பாக்கியின் ஊசி அதில் குத்தினால் மருந்து பற்றும். ரிம்ஃபயரில் அந்தப் பொத்தான் கிடையாது. தீப்பற்றும் கலவையை அடிப்பாகத்தின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். ஊசி அந்த விளிம்பைத் தட்டும். ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 1857ல் இந்த முறையில் ஒரு சுழல் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று புழங்கும் ‘லாங் ரைஃபிள்’ வகை பாயிண்ட் 22 தோட்டா 1887ல் வந்தது. நூற்று முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் அதன் அளவு மாறவில்லை.

பாகங்கள் குறைவு என்பதால் செய்கூலியும் குறைவு. குண்டின் எடை ஏறக்குறைய 2.6 கிராம்தான். போலீஸ்காரர் இடுப்பில் இருக்கும் 9 மில்லிமீட்டர் துப்பாக்கியின் குண்டு ஏழரை, எட்டு கிராம் இருக்கும். வெளிநாட்டுச் சந்தைகளில் ஒரு பாயிண்ட் 22 தோட்டா, ஒரு 9 மில்லிமீட்டர் தோட்டாவின் விலையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் குறைவு. ஒருவர் வாரம் மூன்று நாள், நாளுக்கு நூறு குண்டு சுட்டால் ஆண்டுக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல் போகும். இந்தக் கணக்கில்தான் ஒன்று பொழுதுபோக்காகவும் மற்றொன்று கடனாகவும் ஆகிவிடுகிறது. பெரிய தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி மீண்டும் நிரப்பலாம். ரிம்ஃபயர் கூட்டை அப்படிச் செய்ய முடியாது. ஆனாலும் அந்த விலைக்கு அது ஒரு குறையே அல்ல.

சிக்கனத்துக்காக இதைத் தேடியவர்களில் அமெரிக்க இராணுவமும் உண்டு. பாயிண்ட் 45 கைத்துப்பாக்கியைப் போன்ற உருவமும் பிடியும் கொண்டு, பாயிண்ட் 22 தோட்டாவில் சுடும் ‘ஏஸ்’ என்ற துப்பாக்கியை கோல்ட் நிறுவனம் 1931ல் வெளியிட்டது. கைக்குப் பழக்கம் அதேதான், செலவு மட்டும் சிறிது. இன்றும் சில பெரிய துப்பாக்கிகளுக்குக் குழலையும் மேல்பாகத்தையும் கழற்றிவிட்டு மாட்டும் பாயிண்ட் 22 உபரிப் பாகங்கள் கிடைக்கின்றன.

இதில் பழகினால் எது வரும், எது வராது? விசையை ஆடாமல் இழுப்பது, முன்குறியிலேயே கண்ணை நிறுத்துவது, மூச்சை அடக்குவது, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடிப்பது, எல்லாம் வரும். உதைப்பும் சத்தமும் குறைவாக இருப்பதால், வெடிக்கும் முன்னே கண்ணைச் சிமிட்டும் கெட்ட பழக்கம் ஒட்டாது. புதியவர்களைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தப் பழக்கம்தான். ஆனால் பெரிய துப்பாக்கியின் உதைப்பைத் தாங்கி அடுத்த குண்டை விரைவாகக் குறிவைக்கும் திறமை இதில் வராது. அதற்குப் பெரிய தோட்டாவையே கொஞ்சம் சுட்டாக வேண்டும்.

இதெல்லாம் தெரிந்துகொண்டு ஈப்போவில் ஒருவர் கடைக்குப் போய் வாங்கிவிடலாம் என்று நினைத்தால், அங்கேயே நிறுத்த வேண்டும். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமோ பெர்மிட்டோ இல்லாமல் துப்பாக்கியை மட்டுமல்ல, தோட்டாவையும் வைத்திருக்கக் கூடாது. மீறினால் ஏழாண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கிக் குற்றத்துக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் பாய்ந்தால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. பாயிண்ட் 22 சிறியது என்பதால் சட்டத்தில் சலுகை கிடையாது. காற்றழுத்தத் துப்பாக்கியும் அதே சட்டத்தில் ஆயுதம்தான். இணையத்தில் விற்கிறார்கள் என்று வாங்கி வீட்டில் வைக்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பார்வைக்கு அசல் போலவே இருக்கும் போலித் துப்பாக்கிக்கும் ஓராண்டு வரை சிறை, 5,000 ரிங்கிட் வரை அபராதம் என்று தனிப் பிரிவு இருக்கிறது.

இந்தக் கெடுபிடி திடீரென்று முளைத்ததல்ல. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவசரகாலம் வந்தது. உரிமமில்லாத துப்பாக்கிக்குத் தூக்கு என்ற நிலை ஏற்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர்மீது இருந்த குற்றச்சாட்டு ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வைத்திருந்தது. தோட்டப்புறப் பெரியவர்கள் துப்பாக்கி என்றாலே குரலைத் தாழ்த்துவதில் நியாயம் உண்டு.

தோட்டங்களில் காட்டுப்பன்றிக்காக உரிமத்தோடு இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் உண்டு. அந்த உரிமம் அந்தத் துப்பாக்கிக்கு மட்டுமே. அதைக் காட்டிக் கைத்துப்பாக்கி வாங்க முடியாது. அப்பாவின் பெயரில் உள்ள உரிமம் மகனுக்குத் தானாக வந்துவிடாது. உரிமதாரர் இறந்துவிட்டால் ஆயுதத்தை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுச் சும்மா இருக்காமல், உடனே போலீஸ் நிலையத்துக்குத் தெரிவிப்பதே வீட்டாருக்குப் பாதுகாப்பு.

ஆக, சாதாரண ஆளுக்குத் திறந்திருக்கும் வழி துப்பாக்கிச் சுடும் சங்கம். பதிவுபெற்ற சங்கத்தில் சேர்ந்து, அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்தில், பயிற்றுநர் முன்னிலையில் சுடுவது. உரிமம் பற்றிய சந்தேகத்தை ஈப்போவில் உள்ள மாநிலப் போலீஸ் தலைமையகத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். நண்பர் ஒருவர் சொன்னார் என்பதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

முதல் ஆண்டு 10 மீட்டர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கியோடு தொடங்குவது இன்னும் சிக்கனம். அதன் ஈயக் குண்டு 4.5 மில்லிமீட்டர், வெடிமருந்தே கிடையாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மலேசியாவின் ஜொனாதன் வோங் போட்டியிட்டது இந்தப் பிரிவில்தான். இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர் மட்டுமே, சட்டைப் பொத்தான் அளவு. அதில் கை நின்றுவிட்டால் பாயிண்ட் 22க்கு மாறுவது கடினமல்ல. 25 மீட்டர் நிதானச் சுற்றில் பத்துப் புள்ளி வட்டம் 50 மில்லிமீட்டர்.

சுடுதளத்தில் ரிம்ஃபயருக்கே உரிய சில விஷயங்கள் உண்டு. விளிம்புக் கலவை சில தோட்டாக்களில் சீராகப் பரவியிருக்காது. அதனால் விசையை இழுத்தும் வெடிக்காமல் போவது மற்ற வகைகளைவிட இதில் அதிகம். அப்போது குழலைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. இலக்கை நோக்கியே முப்பது விநாடி பிடித்திருந்து, பயிற்றுநரை அழைக்க வேண்டும். தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுத்துப் பழகுவதும் எல்லாப் பாயிண்ட் 22 துப்பாக்கிக்கும் பொருந்தாது, ஊசி அறையின் ஓரத்தில் இடித்து உலோகத்தைத் தேய்த்துவிடும். தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்த்த பிறகே அதைச் செய்ய வேண்டும்.

கைவிடப்பட்ட ரப்பர்க் காடும் பழைய ஈயச் சுரங்கக் குளமும் சுடுதளம் ஆகாது. இந்தச் சின்னக் குண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் போகும். தண்ணீரில் பட்டால் தெறித்துத் திசை மாறும். சுட்டு முடித்ததும், குண்டின் ஈயத் தூள் கையில் ஒட்டியிருக்கும் என்பதால், சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கலாம்.