தோட்டத்துப் பள்ளியும் ஒத்த வாத்தியாரும்

எங்க அப்பாயி படிச்ச பள்ளிக்கூடம் ஒரே ஒரு அறை. தகரக் கூரை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாரும் அதுக்குள்ளதான். ஒரு பக்கம் வாய்ப்பாடு, இன்னொரு பக்கம் வாசிப்பு, நடுவில ஒத்த வாத்தியார். அப்பாயி ஐந்தோட நின்னுட்டாங்க. ஆறாம் வகுப்பு என்று ஒன்று அங்க இருக்கவே இல்ல.

இது தற்செயல் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொன்னது. ஆறு வயது முதல் பத்து வயது வரைக்கும் மட்டும். 1927இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பத்து வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. இரண்டையும் பக்கத்தில வைத்துப் பாருங்க: பள்ளி முடியிற வயசும் பேர் பதிஞ்சு மலைக்குப் போற வயசும் ஒன்றுதான்.

வாத்தியார் யாருடைய ஆள்? சம்பளம் கொடுத்தது தோட்டம், குடியிருந்தது தோட்டத்து வீடு. லயத்து ஜனங்களுக்கு இந்தியாவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததும், வந்த கடிதத்தை வாசித்துச் சொன்னதும் அவர்தான். ஊரே மதிக்கும். ஆனால் பிள்ளையைக் கொழுந்தெடுக்க அனுப்பாதீங்க என்று துரையிடம் போய்ப் பேசுவது அவருக்குச் சுலபமா? அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனசு வரல.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. நாம பாடசாலையில் பெருமையோடு படித்த பாடம் அது. தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே நின்றதை அந்தப் பாடத்தில் நான் வாசித்த ஞாபகம் இல்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. கேட்பதற்கு ஆள் இருந்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு குடியுரிமை போச்சு, பின்னாலேயே வாக்கும் போச்சு. வாக்கில்லாத ஜனங்களின் பள்ளிக்கூடத்தை யார் தேடி வருவார்கள்? 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் தோட்டத்தோடயே கிடந்தன. தோட்டங்களே அரசுடைமையான பிறகு, 1970களில்தான் அவற்றைக் கல்வித் திணைக்களம் எடுக்கத் தொடங்கியது.

பிறகு சுவீடன் உதவியில் கட்டடங்கள் வந்தன. ஜேர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது. லயத்துப் பிள்ளைகள் அங்க பயிற்சி பெற்று ஆசிரியர்களாகத் திரும்பினார்கள்.

எங்க பாடசாலை அதிபரும் அரசாங்க உத்தியோகத்தர்தான். அப்பாயி மட்டும் இன்னும் அவரைத் 'தோட்டத்து வாத்தியார்' என்றுதான் கூப்பிடுறாங்க.