ஃப்ளாட்டேரி - மீன் கடல்ல இருக்கு, ஊருக்கு இல்லை

ஐஸ்லாந்துன்னா 2008-ல அந்த நாட்டு வங்கிகள் வரிசையா கவுந்ததுதான் பலருக்கு ஞாபகம் வரும். அதுக்கு முந்தின வருஷமே கவுந்துபோன ஒரு குட்டி ஊரோட கதை இது.

ஃப்ளாட்டேரி, வடமேற்கு மூலையில இருக்கு. மலைகளுக்கு நடுவுல கடல் நீளமா உள்ளே புகுந்திருக்கும் பாருங்க, ஃப்யோர்டுன்னு சொல்வாங்களே, அப்படி ஒண்ணுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கிற சரளைக்கல் திட்டு மேல ஊர். பின்னாடி செங்குத்தா மலை. விவசாயம்னா புல்லும் ஆடும்தான். மனுஷங்க அங்க தங்கினதுக்கு ஒரே காரணம் கடல்.

1889-ல எல்லெஃப்சன்னு ஒரு நார்வேக்காரர் ஊருக்குப் பக்கத்துல திமிங்கில ஆலை போட்டார். 1901-ல அது எரிஞ்சு போச்சு, அவரும் கிழக்குக் கரைக்குப் போயிட்டார். அவரோட மரவீட்டைப் பிரிச்சு ரெய்க்யவிக் கொண்டுபோய் நிறுத்தினாங்க. அரசாங்க விருந்தெல்லாம் அங்கதான் நடக்கும். ஒரே ஒரு க்ரோனாவுக்கு வித்தாராம், அப்படித்தான் சொல்றாங்க :-)

அப்புறம் எல்லாமே காட் மீன்தான். முதல்ல உப்புப் போட்டுக் காயவெச்சு, பின்னாடி உறையவெச்சு ஏற்றுமதி. ஆம்பளைங்க படகுல, பொம்பளைங்க ஆலையில மீனை அறுத்துப் பெட்டி கட்டுற வேலையில. லீவு விட்டா பள்ளிக்கூடப் பசங்களும் ஆலைக்குத்தான். படகு கரைக்கு வந்தாத்தான் கடையிலயும் வியாபாரம்.

1995 அக்டோபர் 26, விடியக்காலை நாலு மணி. மலையிலேர்ந்து பனிச்சரிவு தூங்கிக்கிட்டிருந்த ஊர் மேல இறங்கினதுல 20 பேர் செத்துட்டாங்க. மொத்த ஜனத்தொகையே நானூறுக்குள்ளதான். ஆபத்தான பகுதின்னு கோடு போட்டிருந்தாங்க. நொறுங்கின வீடுகள்ல பெரும்பாலானது அந்தக் கோட்டுக்கு வெளிய இருந்ததுதான். அதுக்கப்புறம் ஊருக்கு மேல ஆங்கில 'ஏ' எழுத்து வடிவத்துல பெரிய மண்கரை எழுப்பினாங்க. 1996-ல மலையைக் குடைஞ்சு சுரங்கப்பாதையும் வந்துச்சு. கொஞ்சம் பேர் ஊரைவிட்டுப் போனாங்க, மத்தவங்க அங்கயேதான் இருந்தாங்க.

பனிக்கு அசராத ஊரை ஒரு காகிதம் சாய்ச்சது. அதுதான் கோட்டா.

1976-ல பிரிட்டிஷ் கப்பல்களைத் துரத்தி 200 கடல் மைலையும் சொந்தமாக்கிக்கிட்டாங்க. அப்புறம் இவங்க டிராலர்களே காட் மீனை வழிச்சு எடுக்க ஆரம்பிச்சுது. அதைத் தடுக்க 1984-ல ஒவ்வொரு படகுக்கும் ஒரு பங்கு எழுதினாங்க, முந்தின மூணு வருஷம் யார் எவ்வளவு பிடிச்சாங்களோ அந்தக் கணக்குல. 1990 சட்டம் வந்ததும் அந்தப் பங்கைத் தாராளமா விக்கலாம், வாங்கலாம்னு ஆயிடுச்சு. சாஃப்ட்வேர் லைசென்ஸை வேற கம்ப்யூட்டருக்கு மாத்தற மாதிரிதான், என்ன, இதுல ஊரே சேர்ந்து போயிடும். அதே சட்டத்தோட முதல் விதி என்ன சொல்லுது தெரியுமா? கடல் மீன் மொத்த தேசத்தோட பொதுச்சொத்தாம்! ஆனா பங்கு படகு முதலாளி கையில. முப்பது வருஷம் மீன் அறுத்த அம்மாவுக்கு அதுல ஒரு வாலும் கிடையாது.

கோட்டா மோசம்னு ஒரேயடியா சொல்லிட மாட்டேன். அளவுக்கு மீறிப் பிடிக்கிறது குறைஞ்சுது, அந்த நாட்டு மீன்தொழில் மானியத்தை நம்பாம லாபத்துல ஓடுது. கணக்கு சரிதான். ஊருங்கறது அந்தக் கணக்குல ஒரு எண்ணாக்கூட இல்லைங்கறதுதான் என் வருத்தம்.

2007-ல ஊரோட பெரிய மீன் கம்பெனி படகுகளையும் கோட்டாவையும் வித்துட்டுக் கிளம்பிடுச்சு. வட்டி ஏறிடுச்சு, க்ரோனா மதிப்பு கூடி ஏற்றுமதி கட்டுப்படியாகலை, இதெல்லாம் காரணம். முந்நூறு பேர் சொச்சம் இருந்த ஊர்ல சுமார் 120 பேருக்கு வேலை போச்சு. சட்டத்தை யாரும் மீறலை. அதே வருஷம், ரெண்டு மீனவர்கள் கொடுத்த புகார்ல, இந்தக் கோட்டா முறை பாரபட்சமானதுன்னு ஐ.நா. மனித உரிமைக் குழு சொல்லிச்சு. 2009-ல சின்னப் படகுக்காரங்க கோடையில கோட்டா இல்லாமலே தூண்டில் போடலாம்னு ஒரு சலுகை வந்துச்சு. 2018-ல ஊர்ல ஒரு மக்கள் பள்ளி திறந்தாங்க, வெளியூர் இளவட்டங்க தங்கிப் படிக்க வர்றாங்க.

2020 ஜனவரியில மறுபடி பனி சரிஞ்சுது, இந்த முறை ரெண்டு இடத்துல. ஒரு பக்கம் கரையைத் தாண்டி ஒரு வீட்டுக்குள்ள புகுந்துடுச்சு. உள்ள புதைஞ்ச சின்னப் பொண்ணை உயிரோட தோண்டி எடுத்தாங்க. இன்னொரு பக்கம் கரை பனியை ஒழுங்காத் திருப்பிவிட்டுச்சு. திரும்பின பனி நேரா துறைமுகத்துல இறங்கி, அங்க கட்டிவெச்சிருந்த மீன்படகுகளை அடிச்சு நொறுக்கிடுச்சு.